பி.டி. பாக்டீரியா: நிலையாமையின் பயன்

மண்ணில் இயல்பாக வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பி.டி.) என்ற பாக்டீரியாவைப் புழுக்கொல்லியாகத் தெளிப்பவர்கள் சொல்லும் முதல் குறை, அது இலையில் நிலைப்பதில்லை என்பதே. புற ஊதாக்கதிர் அதைச் சில நாள்களில் சிதைக்கிறது, மழை கழுவிவிடுகிறது. இந்தக் குறைதான் அதன் வீரியத்தை இத்தனை காலம் காத்துவந்திருக்கிறது என்று கருதுகிறேன்.

1901இல் ஜப்பானின் இஷிவாதா ஷிகெதானே பட்டுப்புழுக்களைத் திடீரென மடியச்செய்த நோயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். 1911இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெர்லினர் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் கண்டு, பின்னர் துரிஞ்சியா நிலப்பகுதியின் பெயரைச் சூட்டினார். பிரான்சில் 1938இல் விற்பனைக்கே வந்துவிட்டது. மல்பெரித் தோட்டத்தருகே இதைத் தெளிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையின் வேர் அந்த ஜப்பானியக் கண்டுபிடிப்பில் இருக்கிறது.

வித்து உருவாகும்போது பாக்டீரியா ஒரு புரதப் படிகத்தையும் சேர்த்து உண்டாக்குகிறது. இலையோடு அதைத் தின்ற புழுவின் நடுக்குடலில், காரத்தன்மை மிகுந்த சாற்றில், படிகம் கரைகிறது. செரிமான நொதிகள் புரதத்தை வெட்டி நச்சாக்குகின்றன. அந்த நச்சு குடற்சுவரின் ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு உயிரணுச் சவ்வில் துளையிடுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாவதற்கு இரண்டு மூன்று நாளாகலாம். மனித இரைப்பையோ அமிலத்தன்மை உடையது. அந்த ஏற்பிகளும் நமக்கில்லை. குறிப்பிட்ட வகைப் புழுக்களை மட்டும் தாக்கும் இந்த நுட்பம் போற்றத்தக்கது. ஆனால் ஏற்பி சற்றே மாறினாலும் நச்சு பற்றாமல் போகலாம் என்பதால், எதிர்ப்புத்திறனுக்கான வாசலும் அங்கேயே திறந்திருக்கிறது.

அந்த வாசலில் முதலில் நுழைந்தவற்றுள் ஒன்று முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி. ஹவாய்த் தீவுகளில் இம்மருந்து திரும்பத் திரும்பத் தெளிக்கப்பட்ட வயலின் புழுக்களில் பாதியைக் கொல்ல, ஆய்வகப் புழுக்களுக்குத் தேவைப்பட்டதைப்போல் 25 முதல் 33 மடங்கு மருந்து வேண்டியிருந்ததென 1990இல் புரூஸ் தபாஷ்னிக் குழுவினர் காட்டினர். ஆகவே 'இயற்கையானது' என்ற அடைமொழி எதிர்ப்புத்திறனைத் தடுக்காது. புழு எத்தனை தலைமுறைக்கு, எவ்வளவு இடைவிடாமல் நச்சைச் சந்திக்கிறது என்பதே கேள்வி.

இடைவிடாத சந்திப்புக்குப் பருத்தியைவிடச் சிறந்த சான்றில்லை. இந்தியாவில் 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில், இந்தப் பாக்டீரியாவின் மரபணு புகுத்தப்பட்ட செடியே பருவம் முழுதும் நச்சைச் சுரக்கிறது. வயலோரம் நச்சைச் சந்திக்காத புழுக்களும் பிழைத்திருக்க, பி.டி. அல்லாத பருத்தியைப் புகலிடமாக நட வேண்டுமென்ற விதி பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்பருத்தியை வென்றது 2010இல் வெளியே தெரிந்தது. அரிசோனாவிலோ புகலிட விதியை உழவர்கள் கடைப்பிடித்த ஆண்டுகளில் அதே புழு எதிர்ப்பின்றி நீடித்தது; பின்னர் மலட்டு அந்துகளையும் பறக்கவிட்டு அதை ஒழித்தார்கள்.

ஆதலால் தெளிப்பு நல்லது, மரபணு தீயது என்ற பிரிவினையை நான் ஏற்கவில்லை. இளம்புழுப் பருவத்தில், மாலை வேளையில், பொருளாதாரச் சேதநிலை எட்டிய பின்பே தெளிப்பதும், இடையிடையே ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு இடம் விடுவதும் நச்சுடன் புழுவின் சந்திப்பைக் குறைக்கும். புற ஊதாக்கதிரைத் தாங்கி வாரக்கணக்கில் இலையில் நிற்கும் கலவைகளைத் தேடும் ஆய்வாளர்கள், கூடும் ஒவ்வொரு நாளும் எதிர்ப்புத்திறனை எவ்வளவு விரைவுபடுத்தும் என்பதையும் அதே சோதனையில் அளக்க வேண்டும்.