நொதி இல்லாத குளுக்கோஸ் உணரி பிறந்த கதை

1909-ல் ஜெர்மன் வேதியியலாளர் வால்ட்டர் லோப், கந்தக அமிலத்தில் கரைத்த குளுக்கோஸுக்குள் ஈய மின்முனை வழியாக மின்சாரம் பாய்ச்சினார். குளுக்கோஸ் ஆக்சிஜனேற்றம் அடைந்தது. நொதி எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் இரத்தச் சர்க்கரையை அளக்கும் கலை வேறு வழியில் வளர்ந்தது. 1962-ல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் ஆக்சிஜன் மின்முனையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைப் படலமாக நிறுத்தினார்கள். குளுக்கோஸை மட்டும் பொறுக்கியெடுப்பதில் அந்த நொதி அபாரமானது. ஆனாலும் அது புரதம். 40 டிகிரிக்கு மேல் தளர்ந்துவிடும். சுகர் ஸ்ட்ரிப் டப்பாவை வெயில் படாமல், ஈரம் புகாமல் இறுக மூடி வைக்கச் சொல்வதும் உள்ளே நொதி இருப்பதால்தான்.

நொதியை விட்டுவிட்டு பிளாட்டினத்தையே நம்பினால் என்ன? முயன்றார்கள். குளுக்கோஸ் அதன்மேல் மிக மெதுவாகவே வினைபுரிந்தது. இரத்தத்திலுள்ள குளோரைடு மேற்பரப்பை அடைத்துக்கொண்டது. வைட்டமின் சி, பாராசிட்டமால் ஆகியவை விரைந்து வினைபுரிந்து, இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டின.

2003-ல் பார்க், சுங், கிம் என்ற கொரிய ஆய்வாளர்கள் அந்த மெதுவையே துணையாக்கிக்கொண்டார்கள். இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்கவைக்கும் இடம் இதுதான். நானோமீட்டர் அளவுத் துளைகள் நிறைந்த பிளாட்டினப் படலத்தை அவர்கள் பயன்படுத்தினார்கள். வைட்டமின் சி விரைந்து வினைபுரிவதால் வாசலிலேயே தீர்ந்துவிடும்; உள்ளே எத்தனை துளை இருந்தாலும் அதன் மின்னோட்டம் கூடாது. குளுக்கோஸோ மெதுவானது. துளைகளுக்குள் ஊடுருவி, சுவர்களைத் திரும்பத் திரும்பத் தொட்டு வினைபுரியும். உட்பரப்பு கூடக் கூட அதன் மின்னோட்டம் மட்டும் உயரும். நொதி செய்துவந்த தேர்வைப் பரப்பின் வடிவமே செய்தது.

பிறகு தாமிரமும் நிக்கலும் வந்தன. பிளாட்டினத்தைவிட மலிவானவை. காரக் கரைசலில் நிக்கல் மேற்பரப்பு உயர் ஆக்சிஜனேற்ற நிலைக்குப் போய், குளுக்கோஸிடம் எலக்ட்ரானைப் பறித்துப் பழைய நிலைக்குத் திரும்பும். நானோ கம்பி, கிராஃபீன் எனப் பல வடிவங்களில் ஆய்வுக்கட்டுரைகள் குவிந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பெற்ற வெற்றிகள். அதன் பிஎச் 13 அளவில் இருக்கும். இரத்தத்தின் பிஎச் 7.4. நோயாளிக்குப் பயன்படாதவரை உணர்திறன் எண்களைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடைவெளியைக் குறிவைத்தது 2019-ல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் நடந்த ஆய்வு. அங்கே பலேடியம் மின்முனை சுற்றிலுமுள்ள புரோட்டான்களை உறிஞ்சிக்கொண்டது. சாதாரண பிஎச் உள்ள கரைசலிலேயே உணரியின் அருகில் மட்டும் காரத்தன்மை உண்டாக, கோபால்ட் ஆக்சைடு குளுக்கோஸை உணர்ந்தது.