விக்கிக் குறியீடுகள்

விக்கிக் குறியீடுகள் என்பவை, விக்கிப்பீடியா போன்ற கூட்டாக எழுதப்படும் தளங்களில் ஒரு பக்கத்தின் எழுத்துக்கு வடிவம் தரும் எளிய குறிகள். எது தடித்த எழுத்து, எது தலைப்பு, எந்தச் சொல்லைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்க வேண்டும் என்பதை மேற்கோள் குறி, சமக்குறி, சதுர அடைப்பு ஆகியவற்றைக் கொண்டே எழுதுபவர் சொல்லிவிடுகிறார். சேமித்ததும் மென்பொருள் அவற்றை உலாவிக்குப் புரியும் நிரலாக மாற்றிக்கொள்கிறது. விருதுநகர் மாவட்டத்து நரிக்குடியைப் பற்றி எழுத உட்காரும் ஒருவருக்கு இக்குறிகளில் ஏழெட்டு போதும்.

அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று திறந்த விக்கிவிக்கிவெப் என்ற தளத்தில் இம்முறை தொடங்கியது. சாய்வெழுத்துக்கு இரண்டு ஒற்றை மேற்கோள், தடிப்புக்கு மூன்று என்ற வழக்கம் அங்கிருந்து வந்ததே. ஆனால் இணைப்புக்கு அங்கே தனிக்குறி இல்லை. ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றி ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக இட்டால் அது இணைப்பாகிவிடும். 2001 ஜனவரியில் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியாவும் முதலில் இப்படித்தான் இயங்கியது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத தமிழுக்கு அந்த வழி அறவே உதவாது. அதே ஆண்டில், விக்கிப்பீடியா அப்போது பயன்படுத்திய கிளிஃபர்டு ஆடம்சின் யூஸ்மாட்விக்கி மென்பொருளில் இரட்டைச் சதுர அடைப்பு புகுந்தது. 2002இல் மாக்னஸ் மான்ஸ்கேயும், அவரை அடுத்து லீ டேனியல் குரோக்கரும் எழுதிய மென்பொருள் அதைத் தொடர்ந்தது. அதுவே இன்றைய மீடியாவிக்கி. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது, ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து எழுதிய இ. மயூரநாதன் முதலியோருக்கு இணைப்பு கொடுக்கும் வழி ஆயத்தமாக இருந்தது. எல்லா எழுத்துமுறைக்கும் பொருந்தும் இந்த அடைப்புக்குறியே விக்கியை உலக மொழிகளுக்குத் திறந்துவிட்டது என்று சொல்லலாம்.

தமிழில் எழுதுபவர் ஊன்றிக் கற்க வேண்டியதும் இந்த இணைப்பைத்தான். காரணம் வேற்றுமை உருபு. [[நரிக்குடி]]யில் என்று எழுதினால் அடைப்புக்கு வெளியே ஒட்டி நிற்கும் ‘யில்’ என்பதையும் மென்பொருள் இணைப்போடு சேர்த்து நீலமாக்கும். சொடுக்கினால் நரிக்குடி பக்கமே திறக்கும். [[திருச்சுழி]]யில், [[அருப்புக்கோட்டை]]யில் என்பவையும் இப்படியே அமையும். விருதுநகர் என்று வரும்போது இது உடைகிறது. ‘விருதுநகரில்’ என்று புணரும்போது கடைசிப் புள்ளி மறைந்துவிடுவதால் உருபை வெளியே ஒட்ட முடியாது. அங்கே நடுவில் ஒரு செங்குத்துக் கோடு இட்டு, இடப்பக்கம் பக்கத்தின் பெயரையும் வலப்பக்கம் கண்ணில் பட வேண்டிய சொல்லையும் எழுத வேண்டும்:

'''நரிக்குடி''' என்பது [[விருதுநகர் மாவட்டம்|விருதுநகர் மாவட்டத்தின்]] [[திருச்சுழி வட்டம்|திருச்சுழி வட்டத்தில்]] உள்ள ஊர்.

மாவட்டம் ‘மாவட்டத்தில்’ ஆவதும் குண்டாறு ‘குண்டாற்றின்’ ஆவதும் தமிழின் இயல்பு. சொல்லைத் தேர்ந்தெடுத்து இணைப்புப் பொத்தானை அழுத்திவிட்டால், மென்பொருள் ‘குண்டாற்றின்’ என்ற பெயரிலேயே ஒரு பக்கத்தைத் தேடும்; கிடைக்காமல் சிவப்பாகக் காட்டும். கோட்டைப் பயன்படுத்தி [[குண்டாறு|குண்டாற்றின்]] என்று எழுதுவதே சரி. உருபுக்கு முன் சிறுகோடு போட்டு ஒட்டவைப்பதையும், இணைப்புக்காக வாக்கியத்தையே வளைப்பதையும் தவிர்க்க வேண்டும். வாசிப்பவருக்கு வேண்டியது நல்ல தமிழ். குறி அதற்கு இடங்கொடுக்கிறது.

உண்மையாகவே பக்கம் இல்லாத பெயரும் சிவப்பில்தான் தோன்றும். வானம் பார்த்த இந்த வட்டாரத்தின் கண்மாய்களுக்கும் சிற்றூர்களுக்கும் இணைப்பு கொடுக்கும்போது சிவப்பு வந்தால், அது அசிங்கம் என்று அடைப்பை நீக்கிவிடுபவர்கள் உண்டு. நீக்கக் கூடாது. யாராவது அந்தப் பக்கத்தைத் தொடங்கிய கணத்தில், அதைச் சுட்டிய சிவப்பு இணைப்புகள் எல்லாம் தாமாக நீலமாகும்.

தலைப்புகளுக்குச் சமக்குறி. இருபுறமும் இரண்டிரண்டாக, == வேளாண்மை == என இட்டால் பிரிவுத் தலைப்பு; மும்மூன்றாக இட்டால் உட்தலைப்பு. ஒற்றைச் சமக்குறி பக்கத்தின் பெயருக்கு உரியது என்பதால் கட்டுரைக்குள் இடுவதில்லை. நான்கு தலைப்புகள் சேர்ந்ததும் பொருளடக்கம் தானே உருவாகும். பட்டியலில் உடுக்குறியா, எண்குறியா என்பதைப் பொருள்தான் முடிவு செய்யும். விருதுநகர் மாவட்டத்தின் 11 ஊராட்சி ஒன்றியங்களுக்கு உடுக்குறி (*) போதும். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை போகும் ரயில் பாதையின் நிலையங்களில் வரிசைக்குப் பொருள் இருப்பதால் எண் தரும் # குறியே தகும்.

சாய்வெழுத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் தனியாக வரையப்பட்ட சாய்வு வடிவம் கிடையாது. உலாவி நேர் எழுத்தைச் சாய்த்துக் காட்டும்போது கொம்பும் சுழியும் கண்ணைக் குழப்பும். நூற்பெயருக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது. தடித்த எழுத்தும் முதல் வரியில் கட்டுரையின் பெயருக்கு வந்தால் போதுமானது.

தட்டச்சில் தமிழருக்கென்று ஒரு தொல்லை உண்டு. 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில், ஆங்கிலத்தில் சதுர அடைப்புகள் இருக்கும் விசைகள் ‘ச’, ‘ஞ’ எழுத்துகளுக்கும், ஒற்றை மேற்கோளின் விசை ‘ய’ எழுத்துக்கும் போய்விட்டன. விக்கியில் ஓயாமல் வேண்டியிருக்கும் மூன்று விசைகளும் இவைதான். அதனால் விசைப்பலகையை மாற்றி மாற்றி எழுத வேண்டும், அல்லது தொகுப்புப் பெட்டியின் மேலுள்ள பொத்தான்களை நாட வேண்டும். கைபேசியில் வேறொரு சிக்கல்: சில கருவிகள் நேரான மேற்கோளை வளைந்த மேற்கோளாகத் தாமே மாற்றிவிடும், மென்பொருள் அதைக் குறியாக ஏற்காது. இரண்டு ஒற்றை மேற்கோளுக்குப் பதிலாக ஓர் இரட்டை மேற்கோளை இட்டாலும் எழுத்து சாயாது.

பத்தி தொடங்கும்போது உள்ளே தள்ளி எழுதப் பள்ளியில் பழகியவர்கள் வரியின் முன் ஓர் இடைவெளி விடுவார்கள். விக்கியில் அந்த இடைவெளியும் ஒரு குறி. அந்த வரி முழுவதும் தட்டச்சுப்பொறி எழுத்தில், ஒரு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். புதிய பத்திக்கு நடுவே ஒரு வெற்று வரி வேண்டும். ஒருமுறை மட்டும் வரியை உடைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். பாடல்களை அடி பிரித்துக் காட்ட அதற்கென உள்ள தனிக்குறிகளைப் பயன்படுத்துவார்கள்.

இரட்டை நெளிவு அடைப்பு வார்ப்புருவை, அதாவது பல பக்கங்களுக்கும் பொதுவான ஆயத்த அமைப்பை, அழைக்கும். ஊர்க் கட்டுரைகளின் ஓரத்தில் தெரியும் தகவல் கட்டம் அப்படி வருவதே. அட்டவணைக்கும் தனிக்குறிகள் உண்டு, அவை மட்டும் சற்றுக் கடினம். 2013இல் விக்கிப்பீடியாவுக்கு வந்த காட்சித் தொகுப்பான், குறி தெரியாதவரும் எழுத வழி செய்தது. அட்டவணைக்கு அதுவே எளிது. பேச்சுப் பக்கத்தில் கருத்தின் முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் எழுதியவர் பெயரும் நேரமும் பதிவாகும். கட்டுரையின் அடியில் [[பகுப்பு:விருதுநகர் மாவட்டம்]] போல எழுதினால் பக்கம் அந்த இனத்தோடு சேரும். ஒரே ஊருக்கு இரு பெயர் வழங்கினால் பழைய பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, ஒரே வரியில் வழிமாற்று எழுதலாம். தேவாரத்தில் திருச்சுழியல் என்று வழங்கும் தலத்துக்கு அந்த வரி இது:

#வழிமாற்று [[திருச்சுழி]]