மாயாவியும் பத்துக் கார்டுகளும்

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரியும். அது பிரிட்டிஷ் படக்கதை என்று அப்போது எங்களுக்கு எங்கே தெரியும்?

அந்தப் பைத்தியத்தில், படக்கதை போட்ட ஒரு சிறுவர் பத்திரிகைக்கு (பெயர் வேண்டாமே) மாதம் ஒரு கார்டு போட்டேன். அத்தைக்கு எழுத அப்பா வாங்கி வைத்த கார்டுகள். ஒன்பது கடிதங்கள் வெளியாகவில்லை. பத்தாவது வந்தது, என் இனிஷியல் மட்டும் தப்பாக. திட்டுவாரே என்று இதழை ஒளித்து வைத்தேன். சில நாளில் அது காணாமல் போயிற்று.

அப்பா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் அந்தப் பக்கம் கிடைத்தது. இனிஷியலைப் பேனாவால் திருத்தியிருந்தார்.