லேக்வுட் முதல் காம்ப்டன் வரை: கலிபோர்னியச் சிறுநகரங்களின் ஒப்பந்தக் காவல்

கலிபோர்னியாவில் ஓர் ஊர் தனி நகராட்சியாகப் பதிவானவுடன் காவல் என்ற சுமை அதன் தலையில் ஏறிவிடுகிறது. சொந்தக் காவல்துறை ஒன்றை அமைத்து நடத்தலாம். இல்லையென்றால் கவுண்டி ஷெரிப்புக்குப் பணம் கட்டி, அவருடைய ஆட்களைக் காவலுக்கு அமர்த்திக்கொள்ளலாம். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. ஷெரிப் அந்தக் கவுண்டி முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் காவல் தலைவர். நகராட்சி எல்லைக்குள் வராத இடங்களின் காவலும் கவுண்டிச் சிறைகளும் அவர் பொறுப்பு.

இந்த இரண்டில் எது நல்லது என்ற வாக்குவாதம் எழுபது ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஒவ்வொரு முறையும் பேச்சு செலவில் தொடங்கிச் செலவிலேயே முடிகிறது. காவலருக்குக் கட்டளையிடுவது யார், தவறு செய்தவரை நீக்குவது யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி வெகுகாலம் கழித்து, ஏதாவது ஒரு விபரீதம் நடந்த பிறகுதான் அது திரும்ப எழுகிறது. இந்த வரலாற்றை அந்தக் கேள்வியின் பக்கம் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லேக்வுட், 1954

லாங் பீச் நகரத்தை ஒட்டி, வயல்களாகக் கிடந்த சுமார் 3,500 ஏக்கர் நிலத்தை பென் வைங்கார்ட், லூயிஸ் போயர், மார்க் டேப்பர் என்ற மூவர் வாங்கினார்கள். 1950-இல் தொடங்கி ஏறத்தாழ மூன்றே ஆண்டுகளில் 17,500 வீடுகள் எழுந்தன. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் அரசு உத்தரவாதம் பெற்ற கடனில் அவற்றை வாங்கிக் குடியேறினார்கள். கறுப்பினக் குடும்பங்களுக்கு அங்கே வீடு விற்கப்படவில்லை. இதைச் சொல்லாமல் லேக்வுட்டின் கதையைச் சொல்ல முடியாது; பின்னால் வரப்போகும் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

புதிய ஊரின் வரி வருவாயைப் பார்த்த லாங் பீச், அதைத் துண்டு துண்டாகத் தன்னோடு இணைத்துக்கொள்ளத் தொடங்கியது. இணைப்பை நிலையாகத் தடுக்கச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது: லேக்வுட் தானே நகராட்சியாக வேண்டும். ஆனால் காவல் நிலையம், சாலைத் துறை, கட்டட அனுமதி அலுவலகம் என்று எல்லாவற்றையும் புதிதாக எழுப்ப வரி எங்கிருந்து வரும்? இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜான் டாட் என்ற வழக்கறிஞர். அப்போது ஊருக்குக் காவல் செய்துகொண்டிருந்தது கவுண்டி ஷெரிப்தான். நகராட்சியான பிறகும் அவரே செய்யட்டும், கூலியை மட்டும் நகராட்சி கொடுக்கட்டும் என்பது டாட்டின் யோசனை. 1912-இல் வாக்காளர்கள் ஏற்ற லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் சாசனம், நகராட்சிகளுக்காகக் கவுண்டி ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்வதற்கு ஏற்கெனவே இடம் கொடுத்திருந்தது. வரி மதிப்பீடு போன்ற சில்லறை வேலைகளுக்கே அதுவரை பயன்பட்ட அந்த ஏற்பாட்டை ஒரு முழு நகரத்தின் நிர்வாகத்துக்கும் விரித்ததுதான் புதுமை.

1954 மார்ச் 9-இல் மக்கள் வாக்களித்தார்கள். ஏப்ரல் 16-இல் லேக்வுட் நகராட்சி பிறந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களோடு எழுபதாயிரம் பேர் வாழும் ஒரு நகரம் இயங்கத் தொடங்கியது. இந்த முறைக்கு லேக்வுட் திட்டம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் பிராட்லி-பர்ன்ஸ் சட்டத்தை இயற்றியது. ஊருக்குள் நடக்கும் விற்பனைமீது ஒரு சதவீத வரி அந்த ஊருக்கே கிடைக்க வழி பிறந்தது. கடைவீதி ஒன்று இருந்தால் போதும், சொத்து வரியைத் தொடாமலே நகராட்சி நடத்தலாம் என்றானது. அதன்பின் நகராட்சிகள் வரிசையாகப் பிறந்தன. பால் பண்ணைக்காரர்கள் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள 1956-இல் டெய்ரி வேலி என்ற நகரத்தை அமைத்தார்கள். இன்றைய செரிட்டோஸ் அதுதான். 1957-இல் தொழிற்சாலைகளுக்கென்றே சிட்டி ஆஃப் இண்டஸ்ட்ரி பதிவானது. நகராட்சியாக 500 குடிமக்கள் வேண்டும் என்ற விதியை நிறைவுசெய்ய அங்கிருந்த மனநோய் மருத்துவமனையின் நோயாளிகளையும் கணக்கில் சேர்த்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் காவல், ஷெரிப்பின் கார்தான்.

ஒரு காரின் கணக்கு

ஒப்பந்தத்தில் நகராட்சி வாங்குவது என்ன என்பதை நெருங்கிப் பார்த்தால்தான் அதன் கவர்ச்சி புரியும். ஊருக்குள் இரவும் பகலும் ஒரே ஒரு ரோந்துக் கார், காருக்கு ஒரு காவலர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு காவலரின் வேலை வாரம் 40 மணி நேரம். வகுத்தால் 4.2 வருகிறது. விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகும் நாட்கள் என்று சேர்த்தால் ஐந்து பேரில்லாமல் அந்த ஒரு கார் ஓடாது. சொந்தத் துறை என்றால் இதற்குமேல் மேற்பார்வைக்கு சார்ஜன்ட், அழைப்புகளை எடுக்க ஆள், துப்பறிவாளர், கைதி அறை, ஆயுதக் கிடங்கு, காவல்துறைத் தலைவர் எல்லாம் வேண்டும். இருபதாயிரம் பேர் வாழும் ஊருக்கு இது மலைபோன்ற செலவு. ஷெரிப்போ இவற்றைப் பல ஊர்களுக்குப் பகிர்ந்துவிடுகிறார். கொலை வழக்கு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ நடக்கும் ஊர், கொலைப் புலனாய்வுப் பிரிவு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. இந்தச் சிக்கனம் உண்மையானது. ஒப்பந்த முறையை எதிர்ப்பவர்களும் இதை மறுக்க முடியாது.

ஆனால் சிக்கனத்தின் ஒரு பகுதியை வேறு யாரோ செலுத்திக்கொண்டிருந்தார்கள். சொந்தக் காவல்துறை வைத்திருந்த நகரங்களின் மக்களும் கவுண்டிக்கு வரி கட்டினார்கள். ஷெரிப் துறையின் தலைமையகச் செலவு அந்த வரியிலிருந்து போக, ஒப்பந்த நகரங்கள் மலிவு விலையில் காவல் பெறுகின்றன என்று சொந்தத் துறை வைத்திருந்த நகரங்கள் முறையிட்டன. கட்டணத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற சண்டை 1960-களில் தொடர்ந்து நடந்தது. 1973-இல் கொன்சால்விஸ் சட்டம் வந்தது. கவுண்டியின் பொது நிர்வாகச் செலவை ஒப்பந்த நகரங்களின் தலையில் கட்டக் கூடாது என்று அது விதித்தது. சட்டத்தை முன்மொழிந்த ஜோ கொன்சால்விஸ் டெய்ரி வேலியின் மேயராக இருந்தவர். ஒப்பந்த நகரங்கள் அரசியலில் எவ்வளவு வலுப்பெற்றுவிட்டன என்பதற்கு இந்தச் சட்டமே சான்று.

அறிஞர்களும் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். வின்சென்ட் ஆஸ்ட்ரம், சார்ல்ஸ் டீபூ, ராபர்ட் வாரன் மூவரும் 1961-இல் எழுதிய கட்டுரையில், சேவையைத் தானே உற்பத்தி செய்யாமல் விலைக்கு வாங்கும் சிறு நகரம் குடிமக்களின் விருப்பத்துக்கு நெருக்கமாக இருக்க முடியும் என்று வாதிட்டார்கள். இருபது ஆண்டு கழித்து கேரி மில்லர் ‘சிட்டீஸ் பை காண்ட்ராக்ட்’ என்ற நூலில் அதே நகரங்களை ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தார். வசதியுள்ளோர் தங்கள் வரிப்பணம் ஏழைகளுக்குப் போகாமல் தடுக்கக் கட்டிய வேலிகள் இவை என்பது அவருடைய வாசிப்பு. லேக்வுட்டின் தொடக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு மில்லரின் வாசிப்பே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இரு தரப்புமே காவலை வரி, செலவு, பங்கீடு என்ற கோணத்தில்தான் பெரிதும் பார்த்தன. துப்பாக்கி ஏந்திய ஊழியரை வேறொருவரிடமிருந்து வாங்குவது குப்பை அள்ளும் சேவையை வாங்குவதுபோல் ஆகுமா என்பது தனி விவாதமாக வளரவில்லை.

கட்டளை யாருடையது

அந்தக் கேள்வியை வாக்குச் சீட்டுக்கே கொண்டுவந்த ஊர் மேற்கு ஹாலிவுட். 1984-இல் நகராட்சியானது, மக்கள்தொகை நாற்பதாயிரத்தைத் தொடவில்லை. ஒருபாலீர்ப்பினர் பெருமளவில் வாழும் நகரம். தங்களை மதிக்காத, தங்களைப் போன்றவர்களைப் பணியில் சேர்க்கத் தயங்கும் ஷெரிப் துறையிடம் காவலை விட்டுவைப்பதா என்று அங்கே பலர் கேட்டார்கள். 1992-இல், ஓய்வுபெற்ற நீதிபதி ஜேம்ஸ் கோல்ட்ஸ் தலைமையிலான குழு, ஷெரிப் துறைக்குள் அளவுக்கு மீறிய வன்முறையும் தளர்ந்த ஒழுங்கு நடவடிக்கையும் இருப்பதாக அறிக்கை தந்திருந்தது. இருந்தும் அந்த ஆண்டு வாக்கெடுப்பில் சொந்தக் காவல்துறைத் திட்டம் தோற்றது. சொந்தத் துறைக்கு ஆகும் செலவு குறித்த அச்சம் எதிர்ப்பாளர்களுக்குக் கைகொடுத்தது.

மேற்கு ஹாலிவுட் வசதியான ஊர். அது பேரம் பேசலாம், காவல் நிலைய கேப்டனைத் தேர்ந்தெடுப்பதில் தன் விருப்பத்தைச் சொல்லலாம். 2022-இல் அதன் மன்றம் ஷெரிப் காவலர் சிலரைக் குறைத்துவிட்டு, ஆயுதமில்லாத பாதுகாப்பு ஊழியரைக் கூடுதலாக அமர்த்தத் தீர்மானித்தது. ஒப்பந்த நகரத்தின் கையிலிருக்கும் கடிவாளம் இவ்வளவுதான்: எத்தனை பேரை வாங்குவது என்று முடிவு செய்யலாம். வந்தவர் தவறு செய்தால் தண்டிக்கும் அதிகாரம் ஷெரிப்பிடம் இருக்கிறது. ஷெரிப்பை நீக்கும் வாக்கு கவுண்டி முழுவதும் சிதறிக் கிடக்கிறது. ஒரு கோடி மக்கள் வாழும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு சிறு நகரத்தின் வாக்கு எந்த மூலைக்கு?

காம்ப்டனின் கதை இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. லேக்வுட்டிலிருந்து சில மைல் தூரம்தான். 1888-இல் நகராட்சியான பழைய ஊர். சொந்தக் காவல்துறை வைத்திருந்தது. போருக்குப் பின் வெள்ளையர் வெளியேற, 1970-க்குள் கறுப்பினப் பெரும்பான்மை நகரமானது. ஆலைகள் மூடின, கடைகள் போயின, விற்பனை வரி வற்றியது. லேக்வுட் போன்ற ஊர்கள் தங்கள் வரிப்பணத்தைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டபோது வேலிக்கு வெளியே நின்ற ஊர்களில் இதுவும் ஒன்று. 2000-இல் மேயர் ஒமர் பிராட்லியின் காலத்தில் நகர மன்றம் காவல்துறையைக் கலைத்து ஷெரிப்பிடம் ஒப்படைத்தது. குற்றமும் செலவும் காரணமாகச் சொல்லப்பட்டன. தங்களோடு இருந்த அரசியல் பகைக்குப் பழிவாங்கவே கலைத்தார்கள் என்பது காவலர் தரப்பின் குற்றச்சாட்டு. காரணம் எதுவாயினும், நூறாண்டுக்கு மேல் இருந்த ஊர் தன் காவலைக் கைவிட்டது.

2012-இல் ஷெரிப் துறை காம்ப்டனின் வானில் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டது. நகரம் முழுவதையும் ஒரே நேரத்தில் படம்பிடிக்கும் கேமராக்கள் அதில் இருந்தன; ஒரு தெருவில் நடந்த திருட்டை, கார் போன வழியை, பின்னோக்கி ஓட்டிப் பார்க்க முடியும். இது ஒரு தனியார் நிறுவனத்தின் கருவிக்கான சோதனை. ஊர் மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பத்திரிகையாளர்கள் வெளியிட்ட பிறகே தங்கள் வீட்டுக் கொல்லைகள் படம்பிடிக்கப்பட்டதை அவர்கள் அறிந்தார்கள். சொந்தக் காவல்துறையும் இத்தகைய தவறைச் செய்யக்கூடும். ஆனால் அப்படிச் செய்த காவல்துறைத் தலைவரிடம் நகர நிர்வாகம் விளக்கம் கேட்கலாம், அவரை வீட்டுக்கு அனுப்பலாம். காம்ப்டனால் அது முடியவில்லை.

மீட்டெடுக்கும் முயற்சியும் நடந்தது. முன்னாள் காம்ப்டன் காவலரான எரிக் பெரொடின் மேயராக இருந்தபோது, 2010-இல் காவல்துறையைத் திரும்ப அமைக்க மன்றம் தீர்மானித்தது. மறு ஆண்டே நகரத்தின் கஜானா காலியாகிக் கிடந்ததால் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர், காம்ப்டன் நிலையத்துக் காவலரிடையே பச்சை குத்திக்கொண்ட ரகசியக் குழு ஒன்று இயங்குகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கட்டணம் வாங்கிய நேரம் முழுவதும் காவலர்கள் ரோந்து செய்யவில்லை என்று கூறி நகராட்சி ஷெரிப் துறைமீதே வழக்குத் தொடுத்தது. வழக்குப் போட்ட பிறகும் காவலுக்கு வேறு ஆளில்லை.

2008-க்குப் பின்

லேக்வுட்டுக்கு ஒப்பந்தம் சுதந்திரத்துக்கான வழியாக இருந்தது. 2008-இன் நிதி நெருக்கடிக்குப் பின் அதே ஒப்பந்தம் நொடித்த நகரங்களின் புகலிடமானது. சான் மட்டேயோ கவுண்டியில் சான் கார்லோஸ் 2010-இலும், ஹாஃப் மூன் பே 2011-இலும் தங்கள் காவல்துறைகளைக் கலைத்து ஷெரிப்பிடம் சென்றன. கலைப்பதால் ஓய்வூதியக் கடன் ஒழிவதில்லை. ஏற்கெனவே பணிபுரிந்தவர்களின் ஓய்வூதியத்துக்கான பாக்கியையும் நகராட்சி கட்ட வேண்டும், ஷெரிப்பின் கட்டணத்தையும் கட்ட வேண்டும். மேவுட் என்ற சின்னஞ்சிறு நகரத்தின் நிலை வேறு. அதன் காவல்துறையின் முறைகேடுகளை 2009-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அறிக்கை கடுமையாகச் சாடியது. வழக்குகள் குவிந்து காப்பீடும் பறிபோக, 2010-இல் காவலர் உட்பட ஊழியர் அனைவரையும் நகரம் வேலைநீக்கம் செய்தது. சொந்தக் காவல் என்பதனாலேயே நல்ல காவல் ஆகிவிடாது என்பதற்கு மேவுட்டைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

எதிர்த்திசையில் சென்றவையும் உண்டு. சாக்ரமென்டோ கவுண்டியின் சிட்ரஸ் ஹைட்ஸும் எல்க் குரோவும் ஷெரிப்பின் ஒப்பந்தத்திலிருந்து விலகி 2006-இல் சொந்தத் துறை அமைத்தன. ரிவர்சைடு கவுண்டியின் மெனிஃபி 2020 ஜூலையில் அதையே செய்தது. மூன்றுமே பதிவாகிச் சில ஆண்டுகளே ஆன, பழைய ஓய்வூதியக் கடன் சேராத நகரங்கள். காம்ப்டனுக்கு இல்லாத வசதி அது. ரான்சோ கொர்டோவா இடைப்பட்ட வழியில் போயிற்று: ஆட்கள் ஷெரிப்புடையவர்கள், கார்களில் எழுதியிருப்பது நகரத்தின் பெயர்.

அண்மையில் வேறொரு காரணம் சேர்ந்திருக்கிறது. மின்னசோட்டா மாநிலத்தில் மோரிஸ் நகரம் 2022-இல் தன் காவல்துறையைக் கலைத்தது. அதே மாநிலத்தின் குட்ஹியூ என்ற சிற்றூரில் 2023-இல் காவல் தலைவரும் காவலர்களும் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். இரண்டுமே கவுண்டி ஷெரிப்பை நாடின. பணம் இருந்தாலும் வேலைக்கு வர ஆள் கிடைக்காத நிலை இது.

இத்தனைக்கும் பிறகு என் முடிவு இது. சிறு நகரம் ஷெரிப்போடு ஒப்பந்தம் செய்வது தவறில்லை. பல ஊர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் மன்ற உறுப்பினர்கள் கட்டண அட்டவணையோடு வேறு சிலவற்றையும் மேசைமேல் வைக்க வேண்டும். காவலர் ரோந்து செய்த நேரக் கணக்கு மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வரவேண்டும். நகரத்தின் ஒப்புதலின்றி எந்தக் கண்காணிப்புக் கருவியும் ஊருக்குள் நுழையக் கூடாது. புகாருக்கு உள்ளான காவலரை ஊரிலிருந்து மாற்றக் கோரும் உரிமை நகரத்துக்கு எழுத்தில் இருக்க வேண்டும். சொந்தக் காவலுக்குத் திரும்பி வருவதற்கான நிதியை முதல் ஆண்டிலிருந்தே ஒதுக்கிவைக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் 88 நகரங்களில் 42 நகரங்கள் ஷெரிப்பின் காவலில் இருக்கின்றன. அவற்றில் லேக்வுட்டும் உண்டு, காம்ப்டனும் உண்டு.