பணிநிரவலும் பணியின் பொருளும்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து

ஊழியரின் வேலைக்குப் பொருள் தருபவர் மேலாளரே என்பது நிர்வாகவியல் வகுப்பறைகளில் அதிகம் கேள்விக்குள்ளாகாத நம்பிக்கை. காதரின் பெய்லியும் ஏட்ரியன் மேடனும் 10 தொழில்களைச் சேர்ந்த 135 பேரிடம் பேசி 2016இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்துப் பார்த்தது. தம் வேலை பொருளுள்ளதாகத் தோன்றிய தருணங்களை விவரித்தவர்கள் மேலதிகாரியைப் பற்றி ஏறக்குறையப் பேசவே இல்லை. வேலை வெறுத்துப்போன தருணங்களைச் சொல்லும்போதோ அவரே முன்னால் வந்து நின்றார். மேலாளருக்குப் பொருளை ஆக்கும் வலு குறைவு, அழிக்கும் வலு மிகுதி என்ற இந்த முடிவு சிதம்பரத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

1929இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 2012இன் இறுதியில் சம்பளம் கொடுக்கத் திணறியது. ஊதியக் குறைப்பு யோசனை வந்ததும் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினர். 2013 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஒரு நிர்வாகியை நியமித்தது. அதே ஆண்டு தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அப்போது அங்கே 12,000க்கும் மேற்பட்ட பணியாளர்கள் இருந்தனர். தேவைக்கு மிஞ்சியவர்களாகக் கணக்கிடப்பட்ட ஆசிரியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும், ஆசிரியரல்லாதோர் வெவ்வேறு அரசுத் துறைகளுக்கும் பணிநிரவலில் அனுப்பப்பட்டனர். ஆட்குறைப்புக்குப் பதில் இந்த வழியைத் தேர்ந்தது சிறிய காரியமல்ல. அடுப்பெரிவதற்குச் சம்பளம் வேண்டும்; பொருளைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆனால் பணிநிரவல் என்பது காலிப் பணியிடத்தையும் ஊதிய விகிதத்தையும் பொருத்திப் பார்க்கும் ஏற்பாடு. ஆளின் கைத்திறன் அதன் கண்ணில் படுவதில்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி இப்பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அப்படியோர் ஆய்வுக்கூடத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்த உதவியாளரை எண்ணிப் பார்ப்போம். எந்தக் கடல் ஏற்றத்தில் எந்த உயிரி கரையோரம் வரும், எந்த மாதிரியை எப்படிப் பதப்படுத்த வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். அவரை வெளியூர் அலுவலகமொன்றில் தபால் பதிவேடு எழுத உட்காரவைத்தால் ஊதியம் அப்படியே இருக்கும். ஆனால் ஆய்வாளர்களான ஹாக்மனும் ஓல்டமும் 1970களில் வகுத்துச் சொன்ன பணிப்பண்புகளில் திறன் பன்மையும், ஒரு வேலையை முதலிலிருந்து முடிவுவரை தானே செய்யும் முழுமையும் ஒரே ஆணையில் போய்விடும். அதைவிடக் கொடியது, புதிய அலுவலகத்தில் அவர் 'பல்கலைக்கழக ஆள்' என்றே அறியப்படுவது. இப்படி அனுப்பப்பட்டவரின் அயற்பணிக் காலம் தவணை தவணையாக நீட்டிக்கப்படும்போது, யாரும் அவரை நம்பி நீண்ட பொறுப்பெதையும் ஒப்படைப்பதில்லை.

அரசு அலுவலக வேலையே பொருளற்றதுதான் என்று சிலர் சொல்லக்கூடும். இதே கடலூர் மாவட்டத்தின் அனுபவம் அதை மறுக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் சாமியார்பேட்டையையும் தாக்கியபோது கடலூர் ஆட்சியராக இருந்தவர் ககன்தீப் சிங் பேடி. நிவாரணப் பட்டியல் எழுதிய எழுத்தரின் வேலை எப்போதும் போலப் பெயரும் எண்ணும் நிரப்புவதுதான். ஆனால் ஒரு பெயர் விடுபட்டால் யார் வீட்டில் உலை வைக்க முடியாது என்பது அன்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை ஆட்சியரின் தலைமைக்கு மட்டும் வரவு வைப்பதும் பிழை. தேவையைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது கடல். பேரிடர் இல்லாத நாளில் அந்தக் காட்சியை மறைக்காமலிருப்பதே மேலாளரிடம் எதிர்பார்க்கத்தக்கது.

ஆகவே பணிநிரவலில் வருபவரை ஏற்கும் அலுவலகத் தலைவருக்கு ஊக்கமூட்டும் பயிலரங்குகள் உதவா (அவற்றின் சான்றிதழ்கள் பீரோக்களில் நிறையவே கிடக்கின்றன). வந்தவர் முன்பு என்ன செய்தார் என்று முதல் நாளே கேட்பதும், ஒரு வேலையையேனும் முழுதாக ஒப்படைப்பதும், அதன் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அவர் அறியச் செய்வதும் அந்தத் தலைவரின் அதிகாரத்துக்குள் அடங்குபவை. பணிமூப்பும் புதிய துறையில் நிரந்தரமாக ஈர்த்துக்கொள்ளப்படுவதும் அப்படியல்ல. அவற்றை அரசாணைதான் தீர்க்க முடியும். அவை தீராதவரை நல்ல கண்காணிப்பாளரின் முயற்சிகூடப் பாதி வழியில் நிற்கும். குறைந்தபட்சம் இடமாறுதல் ஆணையில், பதவிப் பெயருக்கும் ஊதிய நிலைக்கும் அருகில், இதுவரை செய்த வேலையின் விவரத்துக்கென ஒரு பத்தியைச் சேர்க்கலாம். அதை நிரப்ப வேண்டியவர் அனுப்பும் துறையின் தலைவர். அந்த ஊழியர் என்ன செய்துவந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.