ரெட் விங் பூட்ஸ்

ரெட் விங் பூட்ஸ், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ரெட் விங் என்னும் சிறுநகரில் 1905 முதல் தயாராகிவரும் தோல் காலணி. உழவர்களுக்காகவும் மரம் வெட்டுவோருக்காகவும் சுரங்கத் தொழிலாளருக்காகவும் செய்யப்பட்ட இதை, இன்று மேசை வேலை பார்க்கும் ஆண்களும் தேடி வாங்குகிறார்கள். தடித்த தோல், மூன்று வரிசைத் தையல், இரட்டைத் தோல் வைத்த முனை என இப்போது அழகாகக் கருதப்படும் கூறுகள் பெரும்பாலும் வேலைக்களத்தின் தேவையிலிருந்து வந்தவை.

தோற்றம்

காலணி வணிகரான சார்லஸ் பெக்மன், முதலீட்டாளர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு 1905-இல் ரெட் விங் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த ஊரில் எஸ்.பி. ஃபுட் தோல் பதனிடும் தொழிற்சாலை 1872 முதலே இயங்கிவந்ததால் மூலப்பொருளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அத்தொழிற்சாலையை ரெட் விங் நிறுவனம் 1980களில் விலைக்கு வாங்கியது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு பூட்ஸ் தைத்துக் கொடுத்ததில் நிறுவனத்தின் பெயர் மின்னசோட்டாவுக்கு வெளியிலும் பரவியது.

வெல்ட் தையல்

இந்த பூட்ஸின் ஆயுளுக்குக் காரணம் குட்இயர் வெல்ட் என்னும் தையல்முறை. ரப்பரை வல்கனைஸ் செய்யும் முறைக்கு 1844-இல் காப்புரிமை பெற்ற சார்லஸ் குட்இயரின் மகன், அதே பெயர் கொண்ட சார்லஸ் குட்இயர் ஜூனியர், 1870களில் இதற்கான இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். சுரினாமிலிருந்து வந்து மாசசூசெட்ஸின் லின் நகரில் வேலை செய்த யான் மாட்செலிகர், தைப்பதற்கு முன் மேல்தோலைப் பாத வடிவக் கட்டையின் மீது இழுத்துப் பொருத்தும் இயந்திரத்துக்கு 1883-இல் காப்புரிமை பெற்றார். கையால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 ஜோடி பொருத்திய இடத்தில் அந்த இயந்திரம் பல நூறு ஜோடிகளைப் பொருத்தியது.

வெல்ட் என்பது காலணியின் விளிம்பைச் சுற்றி ஓடும் நீண்ட பட்டை. முதல் தையல், மேல்தோலையும் வெல்ட்டையும் உள்சோலின் அடிப்புற விளிம்போடு பிணைக்கிறது. இரண்டாவது தையல் வெல்ட்டை வெளிச்சோலோடு சேர்க்கிறது. இரண்டு சோல்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் கார்க் நிரப்புவார்கள். அணிய அணிய அது அழுந்தி, அணிபவரின் பாதத்தின் அச்சை ஏற்றுக்கொள்ளும். வெளிச்சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் புதுச்சோல் வைக்கலாம். மேல்தோலில் கைவைக்க வேண்டியதில்லை. பசையால் ஒட்டிய மலிவான காலணிகளில் இது எளிதல்ல.

தொழிலும் வடிவமும்

1950களில் வந்த ஐரிஷ் செட்டர் வரிசைக்கு ஒரு வேட்டை நாய் இனத்தின் பெயர் வைக்கப்பட்டது. செம்பழுப்புத் தோலின் நிறம் நாயின் ரோமத்தை ஒத்திருந்ததே காரணம். வேட்டைக்காரர்களுக்கென்று செய்த அதன் வெள்ளைச் சோலுக்குத் தனியாகக் குதி கிடையாது. குதி இருந்தால் இரும்பு உத்தரங்களில் நடக்கும்போது இடறும் என்பதால், கட்டுமானத் தொழிலாளர்கள் இவ்வகைத் தட்டையான சோலை விரும்பினர்.

ஐயன் ரேஞ்சர் என்னும் மாதிரி, வடக்கு மின்னசோட்டாவின் இரும்புச் சுரங்கத் தொழிலாளரின் நினைவாகப் பெயர் பெற்றது. கால் விரல்களைக் காக்க அதன் முனையில் தோல் இரண்டு அடுக்காக வைக்கப்பட்டிருக்கும். ஒரே ஓட்டத்தில் மூன்று வரிசை போடும் ப்யூரிட்டன் என்னும் பழைய தையல் இயந்திரங்களை நிறுவனம் இன்னும் கைவிடவில்லை.

சரிவும் மீட்சியும்

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் மலிவான இறக்குமதிக் காலணிகள் வந்து குவிய, அமெரிக்கக் காலணித் தொழில் சுருங்கியது. அந்நாட்களில் பழைய மாதிரிகளுக்கு ஜப்பானில் மவுசு கூடியது. அமெரிக்க ஆடைகளில் மோகம் கொண்ட ஜப்பானிய இளைஞர்கள் 1990களில் ஐரிஷ் செட்டரைத் தேடிப் பிடித்து வாங்கினர். 2000களின் பிற்பகுதியில் 'ஹெரிட்டேஜ்' என்ற தனி வரிசை உருவாக, தாய்நாட்டிலும் நகரத்து ஆண்கள் வாடிக்கையாளராயினர்.

ஈர்ப்பு

புதிதாக வாங்கிய ஜோடி விறைப்பாக இருக்கும். சில வாரம் குதிகாலைக் கடிக்கவும் செய்யும். எண்ணெய் ஊட்டிப் பதனிட்ட தோல் பிறகு இளகி, மடிப்பு விழும் இடங்களில் நிறம் மாறும். ஒருவர் நடக்கும் விதத்துக்கேற்ப அந்த மடிப்புகள் விழுவதால் எந்த இரண்டு ஜோடியும் ஒன்றுபோல் பழுக்காது. தூசியைத் துடைத்து, தோல் வறளும்போது எண்ணெய் தடவி, நனைந்தால் வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்துவதே இதன் பராமரிப்பு. விலை அதிகம் என்றாலும், சோலை மாற்றி மாற்றிப் பல ஆண்டுகள் போடலாம் என்பதால் வாங்குவோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. தேய்ந்த ஜோடிகளுக்குப் புதுச்சோல் வைத்துக் கொடுக்கும் பழுதுபார்ப்புப் பிரிவு ஒன்றையும் நிறுவனம் ரெட் விங் நகரிலேயே நடத்திவருகிறது.