ரெண்டு சனிக்கிழமை உள்ளே, ரெண்டு சனிக்கிழமை வெளியே

இன்னைக்குக் கதை 1992 நவம்பர்ல ஆரம்பிக்குது. இடம், அமெரிக்காவோட மேரிலாண்ட் மாநிலத்துல இருக்கிற ஜெஸ்ஸப்ங்கிற ஊர். பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நடுவுல இருக்கு. அந்த மாநிலத்தின் பெண்கள் சிறை அங்கேதான். அந்த மாசம் அந்தச் சிறைக்குள்ள ஒரு சாரணியர் ட்ரூப் கூடுச்சு. வந்த பெண் பிள்ளைங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு விஷயம் இருந்துச்சு: அவங்க அம்மா அந்தச் சிறையில கைதி. அந்தக் கூட்டத்துல அம்மாக்களும் சேர்ந்து உட்கார்ந்தாங்க.

இந்தத் திட்டத்துக்குப் பேர் ‘கேர்ள் ஸ்கவுட்ஸ் பியாண்ட் பார்ஸ்’. கம்பிகளுக்கு அப்பால் சாரணியர்னு வெச்சுக்கலாம். சாரணர் இயக்கத்தைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் ஸ்கூல் கைட்ஸ்தான். ஸ்கார்ஃப், விசில், ஆகஸ்ட் 15 அணிவகுப்பு. அது எப்படிச் சிறைக்குள்ள போச்சு? அதைப் புரிஞ்சுக்க நூறு வருஷம் பின்னாடி போகணும்.

1909 செப்டம்பர், லண்டன் கிரிஸ்டல் பேலஸ். பேடன்-பவல் ஆரம்பிச்ச பாய் ஸ்கவுட்ஸின் பெரிய கூட்டம். அங்கே அழைப்பே இல்லாம சில பெண் பிள்ளைகள் வந்து நின்னாங்க. எங்களையும் சேர்த்துக்கோங்கன்னு கேட்டாங்க. அந்தக் காலத்து இங்கிலாந்துல, பொண்ணுங்க காட்டுல கூடாரம் போடுறதுன்னா வீட்டுல யாரும் சம்மதிக்க மாட்டாங்க. அதனால பேடன்-பவல் 1910இல் தனியாக ‘கேர்ள் கைட்ஸ்’ அமைப்பைத் தொடங்கி, பொறுப்பைத் தன் தங்கை ஆக்னஸிடம் கொடுத்தார். கண்ணியமான ஒரு பெண்மணி முன்னாடி நின்னா அம்மாக்கள் பிள்ளைகளை அனுப்புவாங்கங்கிற கணக்கும் அதுல இருந்துச்சு. ஒரு விதத்துல, இந்த இயக்கம் முதல் நாள்ல இருந்தே அம்மாக்களைச் சம்மதிக்க வைக்கிற இயக்கம்தான்.

இதை அமெரிக்காவுக்குக் கொண்டு போனவர் ஜூலியட் கார்டன் லோ. ஜார்ஜியா மாநிலம், சவானா ஊர். கணவர் இறந்துட்டார், குழந்தைகள் கிடையாது, காதும் சரியா கேக்காது. 1911இல் பிரிட்டனில் பேடன்-பவலைச் சந்தித்தார். 1912 மார்ச் 12 அன்று சவானாவில் 18 பெண் பிள்ளைகளோடு முதல் கூட்டத்தை நடத்தினார். பதிவேட்டில் எழுதப்பட்ட முதல் பெயர் அவருடைய தம்பி மகளுடையது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. கேர்ள் ஸ்கவுட்ஸ் நடக்கிறதே தன்னார்வலர்களாலதான். ட்ரூப் லீடருக்குச் சம்பளம் கிடையாது. அப்போ யார் லீடரா வருவாங்க? பெரும்பாலும் அந்த ட்ரூப்ல இருக்கிற ஏதோ ஒரு பொண்ணோட அம்மா. சின்ன வயசுல தானும் ட்ரூப்ல இருந்த அம்மா. அமெரிக்கக் குடும்பங்கள்ல இது மூணு தலைமுறை, நாலு தலைமுறைன்னு தொடர்ந்து வருது. குக்கீ விக்கப் போறது, கேம்ப் போறது, பேட்ஜை பட்டையில தைக்கிறது, எல்லாமே அம்மாவும் பொண்ணும் சேர்ந்து செய்யுற வேலை. ‘அம்மா பக்கத்துல இருப்பாங்க’ங்கிறதை எழுதாத விதியா வெச்சு ஓடுற அமைப்பு இது.

சரி, அம்மா பக்கத்துல இல்லேன்னா?

இப்போ எண்பதுகளுக்கு வருவோம். 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் போதைப்பொருள் எதிர்ப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 5 கிராம் கிராக் கோகைன் விற்பனைக்கு வைத்திருந்தால் குறைந்தபட்சம் 5 வருடச் சிறை. அதே தண்டனை பவுடர் கோகைனுக்கு விழணும்னா 500 கிராம் இருக்கணும். 1988இல் கூட்டுச்சதி வழக்குகளுக்கும் இந்தக் குறைந்தபட்சத் தண்டனையை நீட்டினார்கள். அப்படின்னா, வியாபாரம் பண்ணது காதலனா இருந்தாலும், ஃபோனை எடுத்துத் தகவல் சொன்ன பொண்ணும் அதே கணக்குல மாட்டலாம். மாநிலங்களும் தங்கள் பங்குக்குத் தண்டனைகளைக் கடுமையாக்கின.

விளைவு எண்களில் தெரிகிறது. 1980இல் மாநில, ஃபெடரல் சிறைகளில் இருந்த பெண்கள் சுமார் 13,000 பேர். 1990இல் 44,000. பத்தே வருஷத்துல மூணு மடங்குக்கு மேல! அம்மா சிறையில் இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1991இல் சுமார் 64,000. 1999இல் அது சுமார் 1,26,000.

அப்பா சிறைக்குப் போறதுக்கும் அம்மா போறதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. 2000ஆம் ஆண்டு அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிக்கையில் இந்த விவரம் வருகிறது. மாநிலச் சிறைகளில் இருந்த அப்பாக்களில் 90 சதவீதம் பேர், குழந்தை அதன் அம்மாவோடு இருப்பதாகச் சொன்னார்கள். அம்மாக்களைக் கேட்டால், குழந்தை அப்பாவோடு இருக்கிறது என்று சொன்னவர்கள் 28 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்ன பதில், தாத்தா பாட்டி வீடு. அப்பா உள்ள போனா வீடு கஷ்டத்துல ஓடும். அம்மா உள்ள போனா பல பிள்ளைங்களுக்கு வீடே மாறிடும்.

அதே அறிக்கையில் இன்னொரு எண். சிறைக்கு வந்ததிலிருந்து ஒரு முறைகூடத் தன் குழந்தையை நேரில் பார்க்காத அம்மாக்கள் 54 சதவீதம். ஒரு முறைகூட. ஏன்? மாநிலச் சிறைகளில் இருந்த பெற்றோர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் கடைசியா குடியிருந்த ஊரிலிருந்து 100 மைலுக்கு அப்பால் இருந்தார்கள். 100 மைல்னா, சென்னையிலிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் போய் இன்னும் கொஞ்சம் தள்ளி. வயசான பாட்டி, கார் இல்லை, மூணு பேரப்பிள்ளைங்க. எப்படிக் கூட்டிட்டுப் போவாங்க?

இப்போ ஜெஸ்ஸப் சிறைக்குத் திரும்புவோம். நீதித்துறையின் ஆராய்ச்சிப் பிரிவான தேசிய நீதி நிறுவனமும், மத்திய மேரிலாண்ட் கேர்ள் ஸ்கவுட்ஸும், சிறை நிர்வாகமும் சேர்ந்து யோசிச்ச ஏற்பாடு ரொம்ப எளிமையானது. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை பிள்ளைகளைச் சிறைக்குக் கூட்டிட்டுப் போகணும், அம்மாவோட சேர்ந்து ட்ரூப் கூட்டம். மத்த சனிக்கிழமைகள்ல அதே பிள்ளைங்க ஊருக்குள்ள, வெளியில கூடுவாங்க. முப்பதுக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகள் இப்படிப் போய் வந்தார்கள்.

நான் ப்ரொஃபஷனா சாஃப்ட்வேர் ஆளு. எங்க வேலையில ஒரு சிஸ்டம் ஏன் ஓடலைன்னு தேடினா, நிறைய நேரம் பிரச்சினை யாருமே பெருசா கண்டுக்காத ஒரு மூலையில இருக்கும். இங்கே அந்த மூலை, வேன். பாசம் இல்லாம யாரும் வராம இல்லை, போக வண்டி இல்லை. சாரணியர் அமைப்பு வண்டிக்கு ஏற்பாடு பண்ணதும் பிள்ளைங்க வந்துட்டாங்க.

ஆனா எனக்கு இதைவிட முக்கியமாப் பட்டது, அந்த ரெண்டு சனிக்கிழமையும் உள்ள என்ன நடந்ததுங்கிறது. சிறைப் பார்வையாளர் அறையை யோசிச்சுப் பாருங்க. சத்தம், கூட்டம், எதிரெதிர் நாற்காலி, காவலர் பார்வை. எட்டு வயசுப் பொண்ணும் அம்மாவும் நேருக்கு நேர் உட்கார்ந்து என்ன பேசுவாங்க? ‘ஸ்கூல் எப்படி இருக்கு?’ ‘நல்லா இருக்கு.’ ‘பாட்டி நல்லா இருக்காங்களா?’ ‘ம்.’ அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். நாமளே நம்ம அம்மாகிட்ட அப்படி எதிர்ல உட்கார்ந்து பேசுறதில்லையே! சமையல் மேடை பக்கத்துல, தலை வாரிவிடும்போது, வண்டியில பின்னாடி உட்கார்ந்துட்டுப் போகும்போதுதான் பேசுறோம். கைக்கு வேற வேலை இருக்கும்போதுதான் வாய் திறக்குது.

ட்ரூப் கூட்டம் அந்தக் கை வேலையைக் கொடுத்துச்சு. ட்ரூப் ப்ராஜெக்ட் ஒண்ணைச் சேர்ந்து செய்யணும். பேட்ஜுக்கு வேலை பார்க்கணும். போதைப்பொருள், சின்ன வயசுலேயே கர்ப்பமாவது போன்ற கஷ்டமான விஷயங்களையும் இந்தக் கூட்டங்கள்ல பேசினாங்க. அதுவும் அம்மா பக்கத்துல இருக்கும்போது. பொண்ணோட வாழ்க்கையில ‘பார்க்கப் போற ஆளா’ இருந்த அம்மா, ரெண்டு மணி நேரத்துக்காவது ‘கூட வேலை செய்யுற ஆளா’ மாறினாங்க. வெளியில லட்சக்கணக்கான அம்மாக்கள் ட்ரூப்ல செஞ்ச சாதாரண வேலைதான் இது. இவங்களுக்குக் கிடைக்காம இருந்ததும் அந்தச் சாதாரணம்தான்.

அடுத்த சில ஆண்டுகளில் ஃப்ளோரிடா, ஒஹையோ, அரிசோனா என்று திட்டம் பரவியது. டெக்சாஸில் ஆஸ்டின் நகரத்துப் பெண் பிள்ளைகளின் ட்ரூப் ஒன்று, மாதம் ஒரு முறை கேட்ஸ்வில் ஊரில் இருக்கும் ஹில்டாப் சிறைக்குப் போய் வந்தது. சுமார் 150 கிலோமீட்டர் பயணம். எலன் ஸ்பைரோ, கேரன் பெர்ன்ஸ்டீன் என்ற இரண்டு இயக்குநர்கள் அதைப் படம் பிடித்தார்கள். 2005இல் வந்த அந்த ஆவணப்படத்தின் பெயர், அந்த ட்ரூப்பின் எண்தான்: ‘ட்ரூப் 1500’.

இந்தப் படத்துல ஒரு விஷயம் என்னை அப்படியே நிறுத்திடுச்சு. இயக்குநர்கள் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கத்துக்கொடுத்து, அவங்களையே அம்மாவைப் பேட்டி எடுக்க வெச்சாங்க. சிறையில இருக்கிற அம்மாவைப் பொதுவா கேள்வி கேக்குறது யாரு? போலீஸ், வக்கீல், நீதிபதி. அவங்க செஞ்ச தப்புக்கு அதிகமா விலை கொடுத்த பொண்ணுக்கு மட்டும் கேள்வி கேக்க இடமே இல்லை. இங்கே அவளுக்கு ஒரு கேமராவும் ஒரு நாற்காலியும் கிடைச்சது. சாரணியர் விதிகள்ல, சொல்லுக்கும் செயலுக்கும் பொறுப்பேத்துக்கணும்ங்கிற ஒண்ணு இருக்கு. அதைப் பொண்ணு அம்மாகிட்ட கேட்டு வாங்குற காட்சின்னு நான் எடுத்துக்கிட்டேன்.

இதை ஒரு இனிப்பான கதையா முடிக்க எனக்கு விருப்பம் இல்லை. திட்டத்துல எல்லா அம்மாவும் சேர முடியாது. குழந்தைகளுக்கு எதிரான குற்றம் செய்தவர்களுக்கு அனுமதி இல்லை. தம்பியையோ அண்ணனையோ கூட்டிட்டு வர முடியாது, ஏன்னா இது கேர்ள் ஸ்கவுட்ஸ். அதோட, ஒரு பக்கம் வேன் ஓடிக்கிட்டிருந்த அதே காலத்துல, இன்னொரு பக்கம் சட்டம் எதிர்த் திசையில போச்சு. 1997இல் வந்த தத்தெடுப்புச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, ஒரு குழந்தை கடைசி 22 மாசத்துல 15 மாசம் அரசு ஏற்பாடு செய்த வளர்ப்பு இல்லத்துல இருந்தா, பெத்தவங்களோட உரிமையை ரத்து செய்ய மாநில அரசு வழக்குப் போடணும். சொந்தக்காரங்க வீட்டுல இருந்தா விலக்கு தரலாம். அஞ்சு வருஷம் தண்டனை வாங்கின அம்மாவுக்கு, பிள்ளையை எடுத்துக்கப் பாட்டியும் இல்லேன்னா, கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ட்ரூப் உறவைக் காப்பாத்துது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரு சட்டப் பிரிவு அதை வெட்டுது.

அதுக்காக ட்ரூப் வீண்னு சொல்ல மாட்டேன். இந்தக் கதையில பெரும்பாலானவங்க கவனிக்காம விடுறது, சிறைக்குப் போகாத அந்த ரெண்டு சனிக்கிழமைகளைத்தான். அம்மா ஜெயில்ல இருக்கிற பொண்ணு ஸ்கூல்ல அதைச் சொல்ல மாட்டா. ‘ஊருக்குப் போயிருக்காங்க’ம்பா, ‘வேலை விஷயமா போயிருக்காங்க’ம்பா. அந்த வெளி சனிக்கிழமைகள்ல அவ போற அறையில இருக்கிற எல்லாப் பொண்ணுக்கும் அதே கதை. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத ஒரு இடம். அம்மா தண்டனை முடிஞ்சு வரலாம், வராமலும் போகலாம். இந்தத் தோழிகள் அவளோட அதே ஊர்ல, அடுத்த சனிக்கிழமையும் இருப்பாங்க.

‘ட்ரூப் 1500’ படத்தைத் தேடிப் பாருங்க. முடிஞ்சா அம்மாவோட சேர்ந்து பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.